நகத்தின் மேல் ஒரு தொழிற்சாலை!

(இரண்டாம் ஆண்டு மாணவன், பாலிமர் டெக்னாலஜி)

நல்ல நண்பர்களைப் பார்த்து "நகமும் சதையும் போல இருக்காங்க" என்று சொல்வது நம் ஊர் வழக்கம். பிரிக்க முடியாத உறவுக்கு நம் முன்னோர் சொன்ன உவமை அது. ஆனால் இன்றைக்கு அந்த நகத்தின் மேல் மூன்றாவதாக ஒருவர் ஏறி உட்கார்ந்திருக்கிறார். அவர் பெயர் பிளாஸ்டிக்!

ஆம் நண்பர்களே! அக்ரிலிக் நகம், ஜெல் நகம், டிப் பவுடர், ஒட்டு நகம் என்று எத்தனையோ பெயர்களில் செயற்கை நகங்கள் வந்துவிட்டன. பெரிய நகரத்து மால்களில் மட்டும் இருந்த நெயில் ஸ்டுடியோ இப்போது நம் மாவட்டத் தலைநகரின் பஸ் ஸ்டாண்ட் பக்கத்திலும் திறந்தாகிவிட்டது. கல்யாணப் பெண் என்றால் மருதாணியோடு நகமும் வைத்தாக வேண்டும் என்ற நிலை.

"என்னடா, ஆம்பளைப் பையன் நகத்தைப் பத்திக் கட்டுரை எழுதுறான்" என்று மெக்கானிக்கல் நண்பர்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரிக்கட்டும். நாம் லேபில் கண்ணாடிக் குடுவையில், மூக்கை மூடிக்கொண்டு, ஃப்யூம் ஹூடுக்குள் கையை விட்டுச் செய்கிற அதே பாலிமர் வினையைத்தான் அந்தக் கடைகளில் நம் அக்கா தங்கைகள் ஒரு சின்ன மேஜையில், மூடிய ஏ.சி. அறையில், ஒரு நாளைக்கு ஆறு ஏழு தடவை செய்கிறார்கள். அங்கே ஃப்யூம் ஹூட் கிடையாது. இதைப் பற்றி நாம் பேசாமல் வேறு யார் பேசுவது?

நகம் என்பது என்ன?

நகம் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. தலைமுடியும் மாட்டுக் கொம்பும் இதே குடும்பம்தான். கண்ணுக்குத் தெரியும் நகத்தகட்டில் உயிர் இல்லை. அதனால்தான் வெட்டினால் வலிப்பதில்லை. உயிருள்ள பகுதி நகத்தின் அடிவாரத்தில் தோலுக்குள் மறைந்திருக்கிறது. புது நகம் அங்கேதான் உற்பத்தியாகி வெளியே வருகிறது.

"நகத்துக்கு மூச்சு விட இடம் வேணும்" என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. நகம் காற்றிலிருந்து எதையும் எடுத்துக்கொள்வதில்லை. தேவையானதெல்லாம் ரத்தத்தின் வழியாகவே அடிவாரத்துக்கு வந்து சேருகிறது. எனவே மேலே பிளாஸ்டிக் போட்டால் நகம் மூச்சுத் திணறிவிடும் என்று பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது இரண்டு விஷயங்களுக்கு. ஒன்று, கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். ஒரு நகம் முழுதாகப் புதுப்பிக்க ஏறக்குறைய 6 மாதம் ஆகும். ஒரு நாள் அதிகமாக ராவிவிட்டால் அந்தச் சேதத்தோடு அரை வருடம் வாழ வேண்டியதுதான். இரண்டு, நகத்தைச் சுற்றியிருக்கும் தோல் உயிருள்ளது. ரசாயனம் உள்ளே போகும் வாசல் அதுதான். இந்த இரண்டாவது விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுக்க இது வரும்.

பல் டாக்டர் செய்த நகம்

செயற்கை நகம் பிறந்தது அழகுக் கடையில் அல்ல, பல் வைத்தியத்தில் என்றால் நம்புவீர்களா? 1954ல் அமெரிக்காவில் ஃபிரெட் ஸ்லாக் என்ற பல் மருத்துவருக்கு நகம் உடைந்துபோனது. பல்லுக்குப் பயன்படுத்தும் அக்ரிலிக் கையிலேயே இருந்தது. அதை வைத்தே அசல் போல ஒரு நகத்தைச் செய்துகொண்டார். பிறகு அதுவே தொழிலாகிவிட்டது.

அந்தக் கால நகங்களில் பயன்பட்ட திரவம் மெதில் மெத்தாக்ரிலேட், சுருக்கமாக எம்.எம்.ஏ. நம் துறையில் இது தெரியாதவர் இல்லை. பெர்ஸ்பெக்ஸ் கண்ணாடி, கட்டுப்பல், எலும்பு முறிவு ஆபரேஷனில் வைக்கும் போன் சிமெண்ட் எல்லாவற்றுக்கும் மூலப்பொருள் இதுதான். 1970களின் ஆரம்பத்தில் இந்த நகங்களால் நகம் கெட்டது, உருவம் மாறியது, தோல் வெந்தது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்துக்குப் புகார்கள் போயின. 1974ல் அந்த நிர்வாகம் கோர்ட்டுக்கே போய், முழுக்க எம்.எம்.ஏ. மோனோமரால் ஆன நகப் பொருட்களைச் சந்தையிலிருந்து எடுக்க வைத்தது. அதன் பிறகு பல அமெரிக்க மாநிலங்கள் பார்லர்களில் எம்.எம்.ஏ. பயன்படுத்தக் கூடாது என்று தனியாகவே விதி போட்டன. எம்.எம்.ஏ.வின் இடத்துக்கு அதன் தம்பியான எதில் மெத்தாக்ரிலேட், அதாவது ஈ.எம்.ஏ. வந்தது.

உதிரிப்பூவும் சரமும்

மற்ற துறை நண்பர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். மோனோமர் என்பது உதிரி மல்லிகை. பாலிமர் என்பது தொடுத்த சரம். உதிரிப்பூவைக் காற்று அடித்துக்கொண்டு போகும், எந்தச் சந்திலும் நுழையும். சரமாகக் கட்டிவிட்டால் வைத்த இடத்தில் இருக்கும். அவ்வளவுதான் விஷயம்.

நகத்தில் கெட்டியாகிவிட்ட பிளாஸ்டிக் பெரும்பாலும் சாது. அது தோலுக்குள் நுழையாது. ஆபத்து, சரத்தில் சேராமல் மிச்சமாகும் உதிரிகளில்தான். மூலக்கூறு எடை 500க்குக் கீழே இருந்தால் ஒரு பொருள் தோலைத் தாண்டி உள்ளே போக வாய்ப்பு அதிகம் என்பது தோல் மருத்துவத்தில் சொல்லப்படும் பொதுக்கணக்கு. எம்.எம்.ஏ.வின் எடை 100, ஈ.எம்.ஏ. 114, ஜெல்லில் வரும் ஹெமா 130. மூன்றுமே சின்னப் பூக்கள்!

எனவே எந்த நகப் பொருளைப் பார்த்தாலும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. உதிரி என்ன? அதைச் சரமாக்குவது எது? மிச்சம் எவ்வளவு, எங்கே போகிறது?

வகைகள்: ஓர் ஒப்பீடு

1. சாதாரண நெயில் பாலிஷ். இதில் பாலிமர் வினையே கிடையாது. நைட்ரோசெல்லுலோஸ் என்ற ஏற்கெனவே சரமாகிவிட்ட பொருளை எதில் அசிடேட், பியூட்டில் அசிடேட் போன்ற கரைப்பான்களில் கரைத்து வைத்திருக்கிறார்கள். கரைப்பான் பறந்ததும் படலம் மிஞ்சுகிறது. இங்கே பிரச்சினை பறந்துபோகும் ஆவிதான். டொலுவீன், ஃபார்மால்டிஹைடு, டைபியூட்டில் தாலேட் மூன்றையும் சேர்த்து 'விஷ மூவர்' என்று உலகம் முழுவதும் எதிர்ப்பு கிளம்பியதால் பல கம்பெனிகள் அவற்றைக் கைவிட்டன. எப்போதாவது வீட்டில் ஜன்னலைத் திறந்து வைத்துப் போட்டுக்கொள்பவருக்கு இதுதான் இருப்பதிலேயே சாது.

2. ஒட்டு நகம். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கில் மோல்டிங் செய்த நகம். நகம் அப்பாவி, பசைதான் ஆள். பசை எதில் சயனோஅக்ரிலேட், அதாவது பைசாவுக்குக்கூட மதிக்காமல் நாம் செருப்பு ஒட்டுகிற உடனடிப் பசையின் ஜாதி. காற்றிலும் தோலிலும் இருக்கும் ஈரமே இதைச் சரமாக்கிவிடும். யாரும் சொல்லாத ஓர் ஆபத்து இதில் உண்டு. இந்தப் பசை பருத்தித் துணியில் கொட்டினால் வினை மிக வேகமாக நடந்து கடும் சூடு கிளம்பும். சுடிதார் மேல் கொட்டி தொடை வெந்துபோகும் அளவுக்குச் சூடு வரும். குழந்தைகளுக்குப் பல முறை இப்படி நேர்ந்திருக்கிறது. கொட்டினால் பஞ்சால் துடைக்காதீர்கள். நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள்.

3. அக்ரிலிக். திரவமும் பவுடரும் கலந்து செய்வது. திரவம் மோனோமர், பவுடர் ஏற்கெனவே பாலிமர். பவுடரில் பென்சாயில் பெராக்சைடு என்ற இனிஷியேட்டர் இருக்கும். திரவத்தில் ஒரு அமீன் ஆக்சிலரேட்டர் இருக்கும். பிரஷ்ஷைத் திரவத்தில் நனைத்துப் பவுடரில் தொட்டதுமே வினை ஆரம்பம். விளக்கு தேவையில்லை, அறை வெப்பநிலையே போதும். வாடை மட்டும் கடைக்கு வெளியிலேயே தெரியும்.

ஈ.எம்.ஏ.வும் எம்.எம்.ஏ.வும் இங்கேதான் மோதுகின்றன. எம்.எம்.ஏ. விலை குறைவு, அதனால் ஆசை. ஆனால் அது நகத்தில் சரியாக ஒட்டாது. எனவே நகத்தை நன்றாக ராவிச் சொரசொரப்பாக்கிவிட்டுப் போடுவார்கள். கெட்டியான பிறகு கல் மாதிரி ஆகிவிடும். அசிடோனில் ஊற வைத்தாலும் லேசில் இளகாது. எங்காவது மோதினால் செயற்கை நகம் உடையாமல் அடியில் இருக்கும் சொந்த நகத்தையே பிய்த்துக்கொண்டு வரும். அக்ரிலிக் வைத்த கை பஸ் கதவில் மாட்டினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். எனவே அடையாளம் இதுதான்: நெடி மிகக் கடுமையாக இருக்கிறது, விலை மட்டும் ரொம்பக் குறைவு, அசிடோனில் அரை மணி நேரத்துக்கு மேல் ஊறியும் அசையவில்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

4. ஜெல் மற்றும் ஜெல் பாலிஷ். இதில் பவுடர் இல்லை. பாட்டிலிலேயே மோனோமரும் ஒலிகோமரும் போட்டோ இனிஷியேட்டரும் கலந்திருக்கும். விளக்குக்கு அடியில் கையை வைத்தால் ஒளி பட்டு வினை தொடங்கும். கனமாகப் பூசினால் விளக்குக்குள் விரல் சுடும். அது விளக்கின் சூடு என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பகுதி வினையின் சூடுதான், நாம் படித்த எக்ஸோதெர்மிக்!

அக்ரிலிக் மாதிரி ஜெல்லில் வாடை கிடையாது. அதனால் "இது சேஃப்" என்று நினைத்துவிடுகிறோம். வாடை இல்லை என்றால் அது சீக்கிரம் ஆவியாகவில்லை என்றுதான் அர்த்தம். தோலில் பட்டால் அங்கேயே உட்கார்ந்து உள்ளே போகும் என்பதும் அதற்குள் அடக்கம். மூக்குக்கு அக்ரிலிக் எதிரி என்றால் தோலுக்கு ஜெல் எதிரி. இந்த ஒரு வரியை மட்டும் நீங்கள் ஞாபகம் வைத்துக்கொண்டாலே நான் எழுதியதற்குப் பலன் கிடைத்துவிட்டது.

5. டிப் பவுடர். நகத்தில் சயனோஅக்ரிலேட் பூசி, விரலைப் பவுடர் டப்பாவில் முக்கி, மேலே ஆக்டிவேட்டர் தடவுவது. விளக்கும் வேண்டாம், நெடியும் குறைவு. ஆனால் பத்துப் பேர் விரல் விட்ட டப்பாவில் பதினொன்றாவதாக நாம் விரல் விடுவது நல்லதா? பவுடரை ஸ்பூனால் எடுத்து விரல் மேல் தூவுவதுதான் சரியான முறை.

கழற்றும்போதுதான் கவனம்

மேலே சொன்ன எல்லாவற்றிலும் நகம் அதிகம் கெடுவது போடும்போது அல்ல, கழற்றும்போதுதான். ஒரு மூலை தூக்கிக்கொண்டால் சும்மா இருக்க முடியாமல் உரித்துவிடுகிறோம். கூடவே சொந்த நகத்தின் மேல் அடுக்கும் வந்துவிடும். அசிடோனில் பொறுமையாக ஊற வைப்பதே வழி. அசிடோன் எளிதில் தீப்பிடிக்கும். சாமி விளக்கோ கேஸ் அடுப்போ இருக்கும் இடத்தில் வேண்டாம். தூக்கிக்கொண்ட இடுக்கில் தண்ணீர் தேங்கினால் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வளர்ந்து நகம் பச்சையாகும். அதன் மேல் இன்னொரு கோட் பூசி மறைப்பவர்களும் உண்டு. அது நோயை மூடி வைப்பது.

நர்சிங் படிக்கும் சகோதரி உள்ள நண்பர்கள் கவனிக்க: நோயாளிகளைத் தொடும் மருத்துவப் பணியாளர் செயற்கை நகம் வைக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2009ல் வெளியிட்ட கை சுத்த வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. எவ்வளவு கழுவினாலும் நகத்தடியில் கிருமி தங்கிவிடுவதே காரணம்.

விளக்கு விஷயம்

ஜெல் விளக்கிலிருந்து வருவது புற ஊதாக் கதிர், யு.வி.ஏ. வகை. 2023 ஜனவரியில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ விஞ்ஞானிகள் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். மனித, எலி செல்களை இந்த விளக்கில் 20 நிமிடம் வைத்தபோது 20 முதல் 30 சதவீத செல்கள் இறந்தன. அடுத்தடுத்து மூன்று முறை வைத்தபோது 65 முதல் 70 சதவீதம் வரை இறந்தன. பிழைத்த செல்களின் டி.என்.ஏ.விலும் சேதம் தெரிந்தது.

உடனே பதறவும் வேண்டாம். அது தட்டில் வளர்த்த செல், தோல் மூடிய விரல் அல்ல. பார்லரில் ஒரு கோட்டுக்கு ஓரிரு நிமிடம்தான் வைக்கிறார்கள். ஆனால் மாதா மாதம் வருடக்கணக்கில் வைப்பவர், விரல் நுனி மட்டும் வெளியே தெரியும் கையுறை போட்டுக்கொள்வதில் என்ன நஷ்டம்?

விளக்கில் இன்னொரு சூட்சுமம் உண்டு. ஒவ்வொரு ஜெல்லுக்கும் ஒரு அலைநீளம், ஒரு பவர் தேவை. ஒரு கம்பெனி ஜெல்லை வேறொரு மலிவு விளக்கில் வைத்தால் மேலே கெட்டியாகிவிடும், அடியில் உதிரி மிச்சமிருக்கும். பார்த்தால் பளபளவென்று இருக்கும், தெரியாது. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு விளக்கோடு வரும் கிட்களில் இந்த ஆபத்துதான் அதிகம். ஐரோப்பிய யூனியன் ஹெமா உள்ள நகப் பொருட்களை 2021 முதல் தொழில்முறை உபயோகத்துக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தியது இந்தத் தோல் அலர்ஜியைக் குறைக்கத்தான். டி.பி.ஓ. என்ற போட்டோ இனிஷியேட்டரை 2025 செப்டம்பர் 1 முதல் அங்கே முழுதாகவே தடை செய்துவிட்டார்கள். விலங்குகளில் செய்த சோதனைகளில் இனப்பெருக்கத்தைப் பாதிப்பதாகத் தெரிந்ததே காரணம்.

என் அக்காவின் விரல்கள்

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். என் அக்கா ஒரு நெயில் ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறது. அப்பா கொத்து வேலை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அக்கா பிளஸ் டூ முடித்ததும் மூன்று மாத பியூட்டீஷியன் கோர்ஸ் போய், வேலைக்குப் போய்விட்டது. என் செமஸ்டர் ஃபீஸில் பாதி அதன் சம்பளம்.

போன வருடம் அதன் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் வெடித்துத் தோல் உரிய ஆரம்பித்தது. ராத்திரியெல்லாம் அரிப்பு. சாம்பார் பிசைய முடியாமல் ஸ்பூனால் சாப்பிட்டது. கடையில் கேட்டதற்கு "இந்த வேலைன்னா ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும், போகப் போகப் பழகிடும்" என்றார்களாம். அம்மா தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தது. அக்கா என்னிடம், "டேய் தம்பி, பாலிமர் பாலிமர்னு படிக்கிறியே, இது என்னன்னு பார்த்துச் சொல்லுடா" என்றது.

அரசு மருத்துவமனையில் தோல் டாக்டர் அம்மா முதுகில் பேட்ச் டெஸ்ட் வைத்துப் பார்த்துச் சொன்னார்: ஹெமா அலர்ஜி. இது பழகிப் போகிற விஷயமே இல்லை. அலர்ஜி என்றால் உடம்பு அந்தப் பொருளை எதிரியாக ஞாபகம் வைத்துக்கொள்கிறது. ஒரு தடவை வந்தால் பொதுவாக ஆயுசுக்கும் போகாது. அடுத்த முறை துளி பட்டாலும் வரும். அதைவிடப் பெரிய விஷயம், பல் அடைக்கும் வெள்ளைப் பசையிலும் போன் சிமெண்டிலும் சர்க்கரை நோயாளிகள் தோலில் ஒட்டும் சில கருவிகளின் பசையிலும் இதே குடும்ப ரசாயனங்கள் உண்டு. "இனிமே பல் டாக்டர்கிட்ட போனாலும் ஆபரேஷன்னு வந்தாலும் இதை முதல்ல சொல்லிடும்மா" என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார்.

இருபத்தோரு வயதில் இது தேவையா? பிரிட்டிஷ் தோல் மருத்துவர் சங்கம் 2018லேயே இந்த அலர்ஜி பற்றி எச்சரித்தது. அங்கே தோல் மருத்துவமனைகளில் சோதிக்கப்பட்டவர்களில் 2.4 சதவீதம் பேருக்கு இந்த வகை ரசாயனம் ஏதாவது ஒன்றுக்கு அலர்ஜி இருந்தது. அக்காவுக்கு இது தெரிய வழியில்லை. மூன்று மாத கோர்ஸில் டிசைன் சொல்லிக் கொடுத்தார்கள், ரசாயனம் சொல்லிக் கொடுக்கவில்லை. பெரிய கேனிலிருந்து லேபிள் இல்லாத பாட்டிலில் ஊற்றித்தான் கொடுப்பார்களாம். உள்ளே என்ன என்று படிக்க அங்கே எழுத்தே இல்லை!

இப்போது அக்கா ஜெல் மேஜையை விட்டுவிட்டு மருதாணியும் முக அலங்காரமும் செய்கிறது. சம்பளம் குறைவு. விரல் ஆறிவிட்டது.

அக்கரைக் கதை

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நகக் கடைத் தொழில் பெரும்பாலும் வியட்நாம் மக்கள் கையில் இருக்கிறது. 1975ல் போரிலிருந்து தப்பி வந்த அகதிப் பெண்கள் சாக்ரமெண்டோ நகருக்குப் பக்கத்தில் முகாமில் இருந்தார்கள். ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' படத்தில் நடித்த டிப்பி ஹெட்ரன் அங்கே போனபோது அந்தப் பெண்கள் அவருடைய நகங்களை ஆசையாகப் பார்த்தார்களாம். உடனே தன் நக அலங்காரப் பெண்ணையே வரவழைத்து 20 பேருக்குக் கற்றுக்கொடுக்க வைத்தார். அந்த 20 பேரிலிருந்து ஒரு சமூகமே பிழைத்தது. பாஷை தெரியாத ஊரில் கைத்தொழில் சோறு போட்டது.

ஆனால் அந்தச் சோற்றுக்கு விலையும் இருந்தது. 2015 மே மாதம் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை அந்த நகரத்து நகக் கடைத் தொழிலாளிகளின் குறைந்த கூலியையும் ரசாயனத்தால் வரும் உபாதைகளையும் தொடராக எழுதியது. மாநில அரசு அவசர நடவடிக்கை எடுத்தது. 2016ல் நகக் கடைகளுக்கென்றே காற்றோட்ட விதிகள் வந்தன. கலிபோர்னியாவில் பாதுகாப்பான பொருளும் நல்ல காற்றோட்டமும் உள்ள கடைகளுக்கு அரசு அங்கீகாரம் தரும் திட்டங்கள் நடக்கின்றன. தொழிலை மூடு என்று யாரும் சொல்லவில்லை. தொழிலைச் சரியாகச் செய் என்றார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது.

கடையில் என்ன செய்யலாம்?

காற்று: ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றைக் கொண்டு வருவதில்லை, உள்ளே இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிரூட்டுகிறது. ஆவியும் அங்கேயே சுற்றும். எம்.எம்.ஏ., ஈ.எம்.ஏ. ஆவிகள் காற்றைவிடக் கனமானவை, மேஜை மட்டத்திலேயே தங்கும். சீலிங் ஃபேன் அதை எல்லோருக்கும் பங்கு போடும், அவ்வளவுதான். மேஜையிலேயே உறிஞ்சி வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட்தான் சரி. (மெக்கானிக்கல், இ.இ.இ. நண்பர்களே! குறைந்த செலவில் இப்படி ஒரு மேஜை செய்தால் அருமையான ஃபைனல் இயர் புராஜெக்ட்.)

கையுறை: மோனோமர் லேடெக்ஸ் கையுறையைச் சீக்கிரமே ஊடுருவிவிடும். நைட்ரைல் மேல். அதுவும் நிரந்தரக் கவசம் அல்ல, அடிக்கடி மாற்ற வேண்டும்.

மாஸ்க்: சாதாரண மாஸ்க் ஆவியைத் தடுக்காது. ராவும் தூசிக்கு என்-95. ஆவிக்குக் காற்றோட்டமே மருந்து.

பாட்டில்: லேபிள் இல்லாத பாட்டில் வேண்டவே வேண்டாம். பிரஷ் துடைத்த டிஷ்யூவை மூடியுள்ள தொட்டியில் போட வேண்டும். திறந்த தொட்டி நாள் முழுக்க ஆவி விடும்.

கருவி: சில கடைகளில் நீல விளக்கு எரியும் பெட்டியைக் காட்டி "ஸ்டெரிலைஸ் பண்ணியாச்சு" என்பார்கள். அது போதாது. இரும்புக் கருவிகளைச் சோப்பால் கழுவி, ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் குறைந்தது 15 நிமிடம் வைப்பதே ஸ்டெரிலைஸ்.

போடுபவர் கவனிக்க: பாட்டிலைக் காட்டச் சொல்லுங்கள். நம் நாட்டில் 2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகள்படி லேபிளில் தயாரித்தவர் பெயர், பேட்ச் எண், உபயோகிக்கும் கெடு, சேர்மானப் பட்டியல் எல்லாம் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் பதிவுச் சான்று எண்ணும் இறக்குமதி செய்தவர் முகவரியும் இருக்க வேண்டும். ஜெல் தோலில் பட்டால் விளக்கில் வைப்பதற்கு முன்பே துடைக்கச் சொல்லுங்கள். அரிப்பு வந்தால் "பழகிடும்" என்ற பேச்சைக் கேட்காதீர்கள், கழற்றிவிட்டுத் தோல் டாக்டரைப் பாருங்கள்.

முடிவாக

எது நல்லது என்று ஒரே வார்த்தையில் கேட்டால் என் வரிசை இது: எப்போதாவது என்றால் சாதாரண பாலிஷ். ஒரு நாள் விசேஷத்துக்கு ஒட்டு நகம், பசையைக் கவனமாகக் கையாண்டு. நீண்ட நாள் வேண்டும் என்றால் லேபிள் உள்ள ஜெல்லோ ஈ.எம்.ஏ. அக்ரிலிக்கோ, பயிற்சி பெற்றவர் கையால், காற்றோட்டமுள்ள கடையில். வீட்டு ஜெல் கிட்டும் எம்.எம்.ஏ.வும் வேண்டாம்.

அழகு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அழகுபடுத்திப் பிழைப்பதும் கௌரவமான தொழில். என் ஹால் டிக்கெட்டே அந்தத் தொழிலில் வந்ததுதான். ஆனால் டிப்ளமோ படிக்கிற நமக்கு ஒரு கடமை உண்டு. எம்.எஸ்.டி.எஸ். என்ற பாதுகாப்புத் தாளைப் படிக்க நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஃபிளாஷ் பாயிண்ட் என்றால் என்ன, கியூரிங் என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். பரீட்சைப் பேப்பரில் எழுதிவிட்டு மறந்துபோக அல்ல அந்தப் படிப்பு. நம் தெருவில், நம் சொந்தத்தில் பார்லர் வேலைக்குப் போகிற பெண் ஒருவராவது இருப்பார். இந்த லீவில் ஊருக்குப் போகும்போது அவர் கையில் இருக்கும் பாட்டிலை வாங்கிப் படியுங்கள். லேபிள் இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேட்கச் சொல்லுங்கள். ஒரு பெட்டி நைட்ரைல் கையுறை வாங்கிக் கொடுங்கள், இரண்டு சினிமாச் செலவுதான்.

படித்தவன் ஒருவன் வீட்டில் இருந்தால் வீட்டுக்கே பயன்பட வேண்டும், இல்லையா?